மூன்றாம் எண் அட்டை

மாதச் சந்தா கட்டினால் நாலாயிரம் படம் நம்மிடம் இருக்கிறது என்று ஊரில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. படித்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்குத் தளம் போட இரண்டு பொறியாளரிடம் கருத்துக் கேட்கிற கவனமான மனிதர்கள்கூடச் சொல்கிறார்கள். இது தவறு. சாதாரணத் தவறு இல்லை. பூமி தட்டை என்று சொன்னவர்களாவது கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். உட்காருங்கள், இது நின்றபடி கேட்கிற விஷயம் இல்லை. உட்காருவதற்கு முன்னால் அந்த அடையாள அட்டையை இன்னொரு தடவை காட்டுங்கள்.

பொன்ராஜ். சரி. படத்தில் மீசை இருக்கிறது, நேரில் இல்லை. எப்போது எடுத்தீர்கள்? சரி, சரி, நம்புகிறேன்.

மோடத்தைத் திரும்ப வாங்க வந்திருக்கிறீர்கள். உங்கள் படிவத்தில் ‘இணைப்பைத் துண்டிக்கக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்று சொல்லுக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். நான் முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன். கடைசி ஒன்பது வருஷம் சார்பதிவாளர். காரணத்தை மூன்று சொல்லில் எழுதியவன் எவனும் உண்மையை எழுதி நான் பார்த்ததில்லை. நான் முழுசாகச் சொல்கிறேன். நீங்கள் அதிலிருந்து உங்களுக்குப் பிடித்த மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தம் என்பதற்கு மூன்று அடையாளம் உண்டு. பொருள் நம் கையில் இருக்க வேண்டும். நாம் நினைத்தால் இன்னொருவருக்குக் கொடுக்க முடிய வேண்டும். நாம் போன பிறகு நம் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். சந்தாப் படத்துக்கு இதில் எது இருக்கிறது? குத்தகை என்றாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அதுவும் முடியாது. குத்தகைக்காரனை வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

எனக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை பழைய படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொலை வழக்கு. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீர்ப்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கலாம் என்று நிறுத்தினேன். சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் நீதிபதி இல்லை, நீதிமன்றம் இல்லை, படமே இல்லை. அந்தச் சந்தா நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

“சார், அந்தப் படத்தோட உரிமம் முடிஞ்சிடுச்சு சார்.”

“யாரோட உரிமம்?”

“எங்களோடது சார்.”

“அப்போ நேத்து வரைக்கும் நான் பார்த்தது யாரோடது?”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

வேறு ஏதாவது உதவி. பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது. பதில் இல்லாதவன்தான் உதவி செய்கிறேன் என்பான்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தேன். நாம் என்ன பார்க்கிறோம், எதைப் பாதியில் விட்டோம், எதை இரண்டு தடவை பார்த்தோம், எல்லாவற்றையும் அவர்கள் குறித்துவைக்கிறார்கள். தேதியோடு. உங்களுக்குத் தெரியுமா? ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன பார்க்கிறான் என்பதை இன்னொருவன் எங்கேயோ உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய அநாகரிகம். இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், தினமும் காலை ஏழு மணிக்குச் சுடரின் பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான்.

சுடர் என் மகள். சுடர்க்கொடி. நான் வைத்த பெயர். ஹைதராபாத்தில் வேலை. ஒரே கணக்கில் நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். திறந்தால் முகப்பில் மூன்று பெயர் வரும். என் பெயர், கனகம் பெயர், சுடர் பெயர். கனகம் என் மனைவி. அவரவர் பெயரைத் தொட்டால் அவரவர் பார்த்த பட்டியல். நான் சுடரின் பட்டியலைப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். சரிபார்த்தேன். பார்ப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. கணக்கு என் பெயரில் இருக்கிறது. என் பெயரில் இருக்கிற சொத்தில் யார் நடமாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது என் கடமை.

போன் போட்டுக் கேட்கலாமே என்கிறீர்கள். போன் எல்லாம் இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

அது வேறு விஷயம். சரி, கேட்டுவிட்டீர்கள். அவளாகவே அங்கே ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் தெலங்கானாவில் கம்மம் பக்கம். நான் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் ஆட்சேபம் நடைமுறை பற்றியது. சிறப்புத் திருமணச் சட்டப்படி திருமணத்துக்கு முன்னால் முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். நானே அறுநூறு அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன், பசை தடவி, என் கையால். ஊரான் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் நான் பலகையில் படித்திருக்கிறேன். என் பிள்ளையின் பெயர் முப்பது நாள் இன்னொரு ஊர்ப் பலகையில் இருந்திருக்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் படித்திருக்கிறான், எனக்குத் தெரியாது. முடிந்த பிறகு போன் செய்தாள். “அப்பா, ஆட்சேபணைக் காலம் முடிஞ்சிடுச்சுப்பா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு இன்னும் முடியலை” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவளும் என் பிள்ளைதான், திரும்பக் கூப்பிடவில்லை.

ஆனால் கணக்கைவிட்டு அவள் வெளியேறவில்லை. கவனித்தீர்களா? வேறு கணக்கு வாங்க வசதி இல்லாதவளா? அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

ஒரு நோட்டில் குறித்துவந்தேன். சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? திங்கள், மலையாளப் படம், நாற்பது நிமிஷத்தில் விட்டிருக்கிறாள். செவ்வாய், கொலைத் தொடர் இரண்டு பகுதி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்குக் கொலை என்றால் உயிர். புதன், ஒன்றும் இல்லை. வியாழன், ஒன்றும் இல்லை. கனகத்திடம், “ரெண்டு நாளா அவ ஒண்ணும் பார்க்கலை, காய்ச்சலா இருக்குமோ” என்றேன். “கேட்டுப் பாருங்க” என்றாள். நான் ஏன் கேட்க வேண்டும்? வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் திறந்தேன். கொலைத் தொடர், மூன்று பகுதி. நிம்மதியாகப் பேப்பர் படித்தேன்.

போன வருஷத்தில்தான் கோளாறு ஆரம்பித்தது. முதலில் கொலைகள் நின்றன. அதற்குப் பதிலாக யோகாசனம். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிய மாட்டாள், அவள் யோகாசனம் பார்க்கிறாள். அப்போதே எனக்கு இடித்தது. பிறகு ஒரு மாதம் பட்டியலே இல்லை. ஒரு மாதம், பொன்ராஜ். தினமும் ஏழு மணிக்குத் திறப்பேன், பழைய தேதியே நிற்கும். கனகத்திடம் சொல்லலாம் என்றால் அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். அக்காவிடம் பேசுகிறேன் என்பாள். அவள் அக்காவுக்குக் காது மந்தம். காது மந்தமானவளிடம் யாராவது இவ்வளவு ரகசியமாகப் பேசுவார்களா? கேட்டதற்கு, “நான் பேசினா அவளுக்குக் கேக்கும்” என்றாள்.

அதற்கு நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் வாத்து வந்தது.

வாத்துதான். கார்ட்டூன். மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்து, தலையில் தொப்பி, பாட்டுப் பாடும். பதினோரு நிமிஷம். சுடரின் பட்டியலில் வாத்து. மறுநாளும் வாத்து. ஒரே நாளில் பத்தொன்பது தடவை வாத்து. என்ன இருந்தாலும் ஒரு பொறியாளர், முதுகலைப் பட்டம் வாங்கியவள், ஒரு வாத்தைப் பத்தொன்பது தடவை பார்ப்பாளா? நானே முழுசாக உட்கார்ந்து பார்த்தேன், ஏதாவது உட்பொருள் இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. வாத்து குளத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது.

நான் முடிவுக்கு வந்துவிட்டேன். கடவுச்சொல் திருட்டு. எவனோ உள்ளே நுழைந்து என் மகள் பெயரில் உட்கார்ந்திருக்கிறான். நிறுவனத்துக்குப் போன் போட்டேன். அதே ஊர், அதே கருவி, புதிதாக யாரும் நுழையவில்லை என்றார்கள். நம்ப முடியுமா? நீதிபதியைத் தொலைத்தவர்கள் இவர்கள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. திறந்தேன். முகப்பில் நான்கு பெயர். என் பெயர், கனகம், சுடர், அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம். அதில் முயல் படம். கீழே பெயர் போட்டிருக்கிறது, நன்முல்லை.

எங்கள் குடும்பத்தில் நன்முல்லை என்று யாரும் கிடையாது. கனகத்தின் பக்கத்திலும் கிடையாது. நாலு தலைமுறை எனக்குத் தெரியும். இது ஆக்கிரமிப்பு. இத்தனை நாள் சுடரின் கட்டத்தில் ஒளிந்திருந்தவன் இப்போது தைரியம் வந்து தனக்கென்று வேலி போட்டுவிட்டான். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். திருடனுக்கு நல்ல தமிழ். இந்தக் காலத்தில் வாயில் நுழையாத பெயர்களாக வைக்கிறார்கள், இவன் நன்முல்லை என்று போட்டிருக்கிறான். சுடர் பிறந்தபோது இப்படி ஒரு பெயர் வைக்கத்தான் நான் வீட்டில் எல்லாரோடும் சண்டை போட்டேன். அந்த ரசனைக்காக ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அடைத்துவிட்டேன். எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்று என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, சந்தாவை ரத்து செய்து, பாட்டுச் சந்தா, பத்திரிகைச் சந்தா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தேன்.

கனகம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதை மூடுனீங்க?” என்றாள்.

“எல்லாத்தையும்.”

கத்தி நின்றது. “வாத்தையுமா?”

“வாத்தைத்தான் முதல்ல.”

நறுக்கிய பீன்ஸை ஓரமாக ஒதுக்கினாள். “சரி. ஏழு மணிக்கு இனி என்னத்தப் பாப்பீங்க?”

“பேப்பர்.”

“பேப்பர்ல அவ வரமாட்டா” என்றாள். அவள் அப்படித்தான், பேச்சை நேராகப் பேச மாட்டாள்.

இனி எதுவானாலும் எனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மதுரையில் வீடியோ கடை வைத்திருந்த செல்வின் என்பவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நூற்று நாற்பது டிஸ்க்கும் ஒரு பிளேயரும் வாங்கினேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்த்தேன். “சார், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க” என்றார். பொண்ணு பார்த்ததும் இல்லை, பார்க்க யாரும் வந்ததும் இல்லை, நேராகப் பதிவு அலுவலகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாகப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த அலமாரிதான். எழுந்து போய்ப் பாருங்கள், தொடாமல் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எண், முத்திரை, பதிவேட்டில் நான்கு எல்லை. ஆமாம், நிலத்துக்கு எழுதுவது போலத்தான். எண்பத்தேழுக்கு வடக்கே எண்பத்தாறு, தெற்கே எண்பத்தெட்டு, மேற்கே சுவர், கிழக்கே கண்ணாடிக் கதவு. இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும். யார் எடுத்தாலும் பதிவேட்டில் எழுதி எடுக்க வேண்டும், உறுப்பினர் மட்டும்தான் எடுக்கலாம். உறுப்பினர் அட்டை நானே தயாரித்தேன். ஒன்றாம் எண் நான். இரண்டாம் எண் கனகம். அவளிடம் புகைப்படம் கேட்டேன். “முப்பத்திரண்டு வருஷமாப் பாக்குற மூஞ்சிக்குப் படம் வேணுமா?” என்றாள். விதி என்றால் விதி. கொடுத்தாள்.

நூற்று நாற்பதில் அவள் கேட்டது ஒன்றுதான். “வாத்துப் பாட்டு இருக்கா?”

வாத்து இல்லை. ஆனால் எண்பத்தேழாம் எண் ஒரு குழந்தைப் பாட்டு டிஸ்க், செல்வின் கட்டோடு தள்ளிவிட்டது. தூக்கிப் போட இருந்தேன். கனகம் அதை எட்டு முறை எழுதி எடுத்தாள், எட்டு முறை திருப்பிக் கொடுத்தாள். சமையலறையில் அதையே முணுமுணுப்பாள். வயசானால் சிலருக்கு மனசு பின்னோக்கிப் போகும் என்று படித்திருக்கிறேன். கவலையாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதே சமயத்தில் வீட்டில் திருட்டு. சிரிக்காதீர்கள். என் பழைய வேட்டிகள், நைந்து பஞ்சு மாதிரி ஆனவை, நாலு காணோம். புது வேட்டி எல்லாம் அப்படியே இருக்கிறது. பழசை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறான். இஸ்திரி போடுகிற இசக்கியைத்தான் சந்தேகப்பட்டேன். வண்டியைச் சோதிக்க வேண்டும் என்றேன். “சோதிங்க சார். நாலு இடத்துல தச்ச வேட்டியத் திருடி நான் யார் கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போவப் போறேன்?” என்றான். கனகம் அன்றைக்கு அவனுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இன்னொன்று. மொட்டைமாடியில் முறத்தில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு எல்லாம் வேகவைத்துக் காய வைத்திருந்தாள். கயிற்றில் கோத்தாள். என்ன என்றேன். “வயித்துக்கு” என்றாள். யார் வயிற்றுக்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் சமாசாரத்தைத் துருவுவது என் பழக்கம் இல்லை.

பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பை முழுக்க வசம்பு வாசனை.

“எங்க?”

“ஹைதராபாத். நீங்க மூடிட்டீங்க. நான் நேர்ல போய்ப் பாத்துக்கிடுதேன்.”

கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ரயில் வர அரை மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வண்டி வரும்போது சொன்னாள், “அப்பா கேட்டாச் சொல்லு, கேக்காமச் சொல்லாதன்னு அவ உத்தரவு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.”

“என்னன்னு கேட்கிறது?” என்றேன்.

“அதையும் நானே சொல்லவா?” என்று ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல அலமாரியைச் சரிபார்த்தேன். எண்பத்தாறுக்குத் தெற்கே இடைவெளி. பதிவேட்டைத் திறந்தேன். எழுதித்தான் எடுத்திருக்கிறாள், அந்த ஒழுங்கை ஒத்துக்கொள்ள வேண்டும். தேதி சரி. எண் சரி. திருப்பித் தரும் நாள், ஒன்றும் எழுதவில்லை. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. கனகத்தின் கையெழுத்துத்தான், ஆனால் பெயர் நன்முல்லை.

பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் இதை யோசித்தேன். உறுப்பினர் அல்லாதவருக்கு டிஸ்க் கொடுத்தது விதிமீறல். இதற்கு இரண்டே வழிதான். பதிவை ரத்து செய்யலாம். ரத்து செய்தால் அது திருட்டு என்று ஆகிவிடும், சம்பந்தப்பட்டவர் பெயர் கெட்டுவிடும். இன்னொரு வழி…

என்ன, கழற்றியாகிவிட்டதா? வயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன், என் பதிவேட்டில் நீங்கள் போடுங்கள். மோடம் ஒன்று, பெற்றுக்கொண்டேன், பொன்ராஜ். தேதி. பார்த்து, மெதுவாகத் திருப்புங்கள், உள்ளே அட்டை இருக்கிறது.

விழுந்துவிட்டது பாருங்கள். கொடுங்கள் இப்படி. ஓரம் மடங்கவில்லையே?

இது மூன்றாம் எண் அட்டை. போன வியாழக்கிழமை எழுதினேன். பெயர் தெரியும். முகவரியைச் சுடரின் திருமண அறிவிப்பு நகலிலிருந்து எடுத்தேன். அப்போதே மனுப் போட்டு வாங்கி வைத்திருந்தேன், ஒரு ஆவணத்துக்காக. பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும், நானே போட்டேன். முத்திரையும் வைத்துவிட்டேன். புகைப்படம் ஒட்டுகிற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.